தேவிகாபுரம் வண்டியின் பதினைந்து நிமிடம்

மஞ்சள் கோடு காய்வதற்குள் அதன்மேல் ஒரு ஸ்கூட்டர் ஏறியிருந்தது. சக்கரத்தின் வரிகள் ஈரப் பெயின்ட்டில் பதிந்து, அங்கிருந்து ஒரு பட்டுச் சேலைக் கடையின் படி வரைக்கும் ஏழெட்டு அடி தூரம் மஞ்சளாகவே போயின. ஆரணி பஜார் வீதியின் இடது ஓரத்தில் பேருந்துகளுக்கென்று தனித்தடம் போட்ட முதல் நாள் காலை அது. டைம் கீப்பர் இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு அந்தச் சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது ஒரு நாளிதழுக்கு இந்த ஊரின் செய்தியாளன். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "போட்டோ எடுத்துக்குங்க சார், நாளைக்கு யாரும் இங்க வண்டி உடவே இல்லன்னு சொல்லுவாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் அதே குரல்தான்.

பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு அரசுப் பேருந்தும் உள்ளே வருகிற, வெளியே போகிற நேரத்தைக் குறித்து வைப்பது அவர் வேலை. அதற்கு முன்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்துநராக இருந்தார். தேவிகாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க்காரர்; அவர் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். சதுரமான ஒரு சிறு அறையில், கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். செய்தி கிடைக்காத நாட்களில் நான் அந்த ஜன்னலுக்குத்தான் போவேன். ஊரில் என்ன நடக்கிறது என்பதைப் பேருந்துகளின் தாமதத்தைக் கொண்டே அவரால் சொல்ல முடியும். வந்தவாசி வண்டி தாமதமானால் ஏதோ ஒரு கட்சிக்காரர் வந்திருக்கிறார். வேலூர் வண்டி தாமதமானால் முகூர்த்த நாள், சேலை எடுக்க வந்த கார்கள் வீதியை அடைத்துவிட்டன. தேவிகாபுரத்திலிருந்து காலையில் வரும் வண்டிக்கு மட்டும் அவர் காரணம் சொல்வதில்லை. அது தினமும் தாமதம்.

அந்த வண்டியில் நாற்பது பெண்களாவது வருவார்கள். சிலர் ஜவுளிக் கடைகளில் சேலை மடிக்கிறவர்கள், பெரும்பாலோர் அரிசி ஆலைகளில் வேலை செய்கிறவர்கள். ஆலையின் கேட்டை ஒன்பது மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஒன்பது ஐந்துக்குப் போனால் மதியம்வரை வெளியே நிற்க வேண்டும், அரை நாள் கூலி போய்விடும். தேவிகாபுரத்திலிருந்து ஊர் எல்லைப் பாலம் வரைக்கும் வண்டி ஒழுங்காக வந்துவிடும். பாலத்திலிருந்து பேருந்து நிலையம் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தத் தூரத்துக்கு அரை மணி நேரம் ஆகும். பள்ளி வேன்கள், சரக்கு இறக்கும் ஆட்டோக்கள், நடுவில் திரும்ப முயன்று நின்றுவிட்ட கார், கைப்பேசியில் பேசிக்கொண்டே அதை வேடிக்கை பார்க்கும் கார்க்காரர். வண்டி தாமதமாக வருவதால் அடுத்த நடைக்குப் போக முடியவில்லை, ஆகவே இதைப் பாலத்தோடு திருப்பிவிடலாம் என்று போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பாலத்தில் இறங்கினால் ஆலைக்கு நடந்து வரவே முக்கால் மணி நேரம். நாற்பது பெண்களுக்கும் வேலை போனது போலத்தான்.

தனித்தடம் வந்ததும் அந்த முடிவை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். தடமும் ஒரு மாதச் சோதனைதான். அதற்குள் வண்டிகள் நேரத்துக்கு வந்தால் கோடு நிற்கும், தேவிகாபுரம் வண்டியும் ஊருக்குள் வரும். வராவிட்டால் இரண்டும் இல்லை. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடம் இல்லாமல் போகிறது என்ற அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஆனாலும் போக்குவரத்துக் காவலர்கள் பத்து நாள் விசிலும் கையுமாக நின்றதில், ஆரஞ்சு நிற ரப்பர் கம்பங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு சுத்தமான பாதை உண்டாயிற்று. பாலத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு நான்கு நிமிடம். நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

அப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தடத்தை அடைத்தவை பேருந்துகள். காலை எட்டரை மணிக்கு நான் போனபோது தேவிகாபுரம் வண்டி தடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் இரண்டு வண்டிகள், அவற்றின் பின்னால் இன்னும் ஒன்று. ஓட்டுநர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. சேலைக் கடை முதலாளி ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பஸ்ஸு ஓடணும்னு ரோட்ட உட்டுக் குடுத்தோம். அது வந்து படுத்துகினு கீது பாருங்க. நாங்க நிறுத்துனா பைனு, இதுங்களுக்கு?" நான் படம் எடுத்தேன். தனித்தடத்தில் வரிசையாக நிற்கும் பேருந்துகள் என்று செய்தி வந்தது. படம் அரைப் பக்கம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று மாலையே தடத்தை எடுத்துவிடப் போவதாக ஊரில் பேச்சு.

டைம் கீப்பர் பத்திரிகையை நாலாக மடித்து ஜன்னல் கம்பிக்குள் செருகி வைத்திருந்தார். "நீங்க எழுதனது நெசம்தான் சார். ஆனா பாதி" என்றார். மீதியை அவர் சொல்லக் கேட்ட பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. தேவிகாபுரத்தில் அந்த வண்டி புறப்பட வேண்டிய நேரம் ஏழு ஐம்பது. நிழற்குடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் பல வருடங்களாக அது ஏழு முப்பத்தைந்துக்கே புறப்பட்டுவிடும். பஜார் வீதியில் வீணாகப் போகும் நேரத்துக்கு ஈடாக ஒரு பதினைந்து நிமிடம். அதை யாரும் எங்கும் எழுதவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஓட்டுநர் மாறினால் போகிறவர் வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போவார். இப்போது வீதியில் நேரம் வீணாவதில்லை, ஆனால் வண்டி மட்டும் பழையபடி முன்னாலேயே கிளம்புகிறது. எட்டு இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தால், அது நிற்க வேண்டிய இடத்தில் வந்தவாசி வண்டி நிற்கும். அது எட்டு முப்பத்தெட்டுக்குத்தான் கிளம்பும். அதுவரை தடத்திலேயே காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"அந்தப் பதினஞ்சு நிமிசத்த ஆரம்பிச்சு வெச்சதே நான்தான் சார், கண்டக்டரா இருக்க சொல்ல" என்றார் டைம் கீப்பர். "கேட்டு சாத்திட்டாங்கன்னு ஒரு பொம்பள ரோட்டுல குந்திகினு அழுதிச்சு. அடுத்த நாளு முன்னாடியே விசில் குடுத்துட்டேன். நல்லதுன்னுதான் பண்ணேன்." பிறகு, மறுநாள் காலை தேவிகாபுரத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். சோதனையின் கடைசி வாரம் அது. கிளை மேலாளரும் மறுநாள் பேருந்து நிலையத்துக்கு வந்து பார்ப்பதாக இருந்தது.

முதல் வண்டியில் போய் இறங்கினோம். ஏழரைக்கெல்லாம் பெண்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஏழு முப்பத்தைந்துக்கு ஓட்டுநர் சாவியைத் திருகினார். டைம் கீப்பர் முன்படியில் ஏறி நின்று, அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஏழு ஐம்பதுக்குத்தான் எடுப்பது என்று டைம் கீப்பர் கிளை மேலாளரிடம் முந்தின நாள் மாலையே சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் ஓட்டுநர் அணைத்துவிட்டார். ஆனாலும் அவர் கை சாவியை விட்டு வரவில்லை. "அண்ணே, மில்லு ஆளுங்க கீறாங்கண்ணே" என்றார் மெதுவாக. "தெரியும், குந்து" என்றார் டைம் கீப்பர்.

சத்தம் அதன்பிறகுதான் ஆரம்பித்தது. அதில் தனியாகக் கேட்டது, மூன்றாவது இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் குரல். அவள் டைம் கீப்பரின் மனைவிக்குத் தங்கை. பெரிய அரிசி ஆலை ஒன்றில் வேலை. "ஏன் மாமா, எங்க கேட்டுக்காரன் உன் வாட்ச்சப் பாத்தா கேட்டச் சாத்தறான்?"

"சாத்தறதுக்குள்ள போய்டுவ. சும்மா இரு."

"போவலன்னா?"

"போவலன்னா என்னக் கேளு."

"உன்ன இன்னாத்தக் கேக்கறது. எங்க அக்காகிட்டச் சொல்றேன். ராத்திரிக்கு உனக்குச் சோறு கிடையாது." வண்டி சிரித்தது. பின்னாலிருந்து ஒரு வயதான அம்மாள், "சிரிங்கடி, அரை நாளு கூலி போனா அழுவீங்க" என்றதும் சிரிப்பு நின்றுபோயிற்று. நின்றுபோன வண்டியில் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். டிபன் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே திசையில், டைம் கீப்பரின் முதுகைப் பார்த்தபடி இருந்தார்கள். அவர் சட்டை தோள்பட்டைகளுக்கு நடுவில் நனைந்திருந்தது. வெயில் அப்போது இன்னும் ஏறவில்லை.

ஏழு நாற்பத்தாறுக்கு, ஒரு முதியவரும் அவர் மனைவியும் தெருக் கோடியிலிருந்து மெல்ல நடந்து வந்தார்கள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. வண்டி நிற்பதைப் பார்த்து அவர்களுக்கு ஆச்சரியம். "எட்டரை வண்டிக்குன்னு வந்தோம்பா. இந்த போர்டு பாத்து ரெண்டு வாட்டி ஏமாந்துட்டோம், அது பொய்யினு உட்டுட்டோம்" என்றார் அந்த முதியவர். டைம் கீப்பர் முதியவரின் மனைவி கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தார். பதினைந்து நிமிடம் முன்னால் போன வண்டி யாரையெல்லாம் விட்டுவிட்டுப் போனது என்ற கணக்கு அவரிடம் எந்த நோட்டிலும் இல்லை. அது எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

ஏழு ஐம்பதுக்கு வண்டி கிளம்பியது. பாலத்தை எட்டு முப்பத்தாறுக்குத் தாண்டினோம். வலது பக்கம் வீதி வழக்கம்போல அடைத்துக் கிடந்தது. எங்கள் தடம் காலி. பெண்கள் ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். பாதி வீதி வரை போயிருப்போம். நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்குச் செய்தி கொடுத்தாரே, அதே முதலாளியின் கடைக்கு முன்னால், தடத்தின் நடுவில் ஒரு லோடு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கடைப் பையன்கள் அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். முதலாளி வாசலுக்கு வந்து, ரெண்டு நிமிடம் என்று விரலைக் காட்டினார்.

டைம் கீப்பர் கீழே இறங்கவில்லை. ஹாரன் அடிக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொன்னார். வண்டியின் இடது பக்க ஜன்னல்கள் எல்லாவற்றிலும் பெண்களின் முகங்கள். யாரும் திட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். முதலாளி காட்டிய விரல்கள் தாமே மடங்கின. அவர் கடையில் சேலை மடிக்கிற பெண் ஒருத்தியும் அந்த ஜன்னல்களில் ஒன்றில் இருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். "எடுறா வண்டிய, அந்தாண்ட போய் எறக்கிக்கலாம்" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது எட்டு நாற்பத்திரண்டு. வந்தவாசி வண்டி போயிருந்தது. இடம் காலியாகக் கிடந்தது. டைம் கீப்பர் நேராகத் தன் அறைக்குப் போய் நோட்டைத் திறந்தார். வண்டி வந்து சேர வேண்டிய நேரம் எட்டு நாற்பது; கிளை மேலாளர் பக்கத்தில் நிற்கிறார், இரண்டு நிமிடம்தானே, நாற்பது என்று போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். எட்டு நாற்பத்திரண்டு என்றே எழுதினார். மேலாளர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். "இதுக்குமேல இன்னா வேணும்" என்றார்.

பெண்கள் இறங்கியதும் ஓட ஆரம்பித்திருந்தார்கள். அந்த இடத்தில் இறங்கினால் ஓடுவது என்று கால்கள் பழகியிருந்தன. ஒரு கையில் முந்தானையைச் செருகிக்கொண்டு, மறு கையில் டப்பாவோடு, நிலையத்தின் வெளிவாசல் வரைக்கும் ஓடினார்கள். அங்கே டைம் கீப்பரின் மச்சினிச்சி கைப்பேசியை எடுத்துப் பார்த்து, நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதிக்கொண்டு நின்றார்கள். ஆலைக்குப் பத்து நிமிட நடை. கையில் பதினேழு நிமிடம் இருந்தது. அந்த ஏழு நிமிடத்தை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாசலிலேயே ஒரு டீக்கடை இருக்கிறது. பத்து வருடமாக அதைக் கடந்து ஓடியவர்கள். அன்று ஆறேழு பேர் தயங்கித் தயங்கி அதன் முன்னால் போய் நின்றார்கள். ஒருத்தி, சர்க்கரை கம்மி என்றாள். டைம் கீப்பர் ஜன்னலுக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒலிபெருக்கியை எடுத்து, அடுத்து வரும் வேலூர் வண்டியை அறிவித்தார்.

மீதிப் பாதியை நான் எழுதினேன். முதலில் வந்ததைவிடச் சின்னச் செய்தி, படம் இல்லை. மாதக் கடைசிக் கூட்டத்தில் தடம் தொடர்வதென்று முடிவாயிற்று. கடைகளுக்குச் சரக்கு இறக்கக் காலை எட்டு மணிக்கு முன்னால் நேரம் ஒதுக்கினார்கள். தேவிகாபுரம் வண்டியைப் பாலத்தோடு திருப்பும் பேச்சு அதோடு போயிற்று. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது டைம் கீப்பர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாடா. இனிமே போர்டுல இருக்கறதச் சொன்னாப் போதும்."

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நானும் பத்திரிகையை விட்டுவிட்டேன். கோட்டுக்கு இரண்டு முறை புதுப் பெயின்ட் அடித்தாயிற்று; ரப்பர் கம்பங்களில் பாதி இல்லை, ஆனாலும் தடத்தில் வண்டி நிறுத்துவதில்லை என்பது ஊருக்குப் பழகிவிட்டது. போன மாதம் வேறொரு வேலையாகத் தேவிகாபுரம் போய்விட்டு அந்தக் காலை வண்டியில் திரும்பினேன். ஏழு முப்பத்தைந்துக்கு வண்டியில் ஓட்டுநரும் நானும் மட்டும்தான். ஏழு நாற்பத்தைந்துக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக ஏறியவள் டைம் கீப்பரின் மச்சினிச்சி. காதோரம் நரைத்திருக்கிறது; அதே ஆலையில் இப்போது மேஸ்திரி. என்னை அடையாளம் கண்டு, பக்கத்து இருக்கையில் டப்பாவை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீறாரு. காலையில நான் கிளம்பற வரிக்கும் வாசல்ல நின்னுகினு மணி பாப்பாரு. ஒரே பேஜாரு."

அந்தப் பதினைந்து நிமிடம் இப்போது மிச்சமாகிறதே, அதை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். செய்தியாளன் கேட்கும் கேள்விதான், பழக்கம் போகவில்லை. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல, "தூங்கறேன் சார்" என்றாள்.