மர்ஹூம் என்று போட்டவன்

எங்கள் பக்கத்தில் சமாதானம் என்றால் கூட்டம் முடிந்ததும் கொடுக்கும் பனிஸ் ரொட்டியும் பால் விடாத பிளேன்ரீயும். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பல வருஷம் அந்தப் பனிஸைப் பங்குவைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நான் திரை கட்டாத மண்டபம் கிடையாது. மனித உரிமை பற்றி ஆவணப்படம் போடுவோம், முடிந்ததும் கலந்துரையாடுவோம், பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு சுவரில் புறா வரைவிப்போம். ஒலுவிலில் வரைந்த புறாவைப் பார்த்து மீன்காரர் ஒருவர், "இது கொக்கா, கோழியா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, சமாதானம் என்றேன். "அப்ப சரி," என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

என் தொழில் கல்யாண வீடியோ. கல்முனையில் சின்ன ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். கமராவும் புரொஜெக்டரும் கையில் இருந்ததால்தான் சமாதானக்காரர்கள் என்னைக் கூட்டுச் சேர்த்தார்கள். போட்ட படங்கள் எல்லாம் வேறு நாட்டுப் படங்கள். யாரோ ஒரு தாய் ஏதோ ஒரு பாஷையில் அழுவாள், நாங்கள் கீழே ஓடும் எழுத்தைப் படித்துவிட்டுப் பனிஸ் தின்போம். நம்முடைய சனத்தின் கதையையே எடுத்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் நான்தான் வாயைத் திறந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

எங்கள் தெருவில் ஒரு சாச்சி இருந்தார். சொந்தச் சின்னம்மா இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவருடைய கணவர் யுத்த காலத்தில் ஒரு காலையில் வேளாண்மை வெட்டுக்கென்று மேற்கே வயலுக்குப் போனவர், திரும்பவில்லை. யார் பிடித்தார்கள் என்பதற்கு ஊரில் மூன்று கதை உண்டு, மூன்றுக்கும் சாட்சி கிடையாது. அடக்க ஒரு மையித்தும் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் சாச்சி அவரை இறந்தவர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று அதிகாரிகள் சொன்னபோது கையெழுத்து வைக்க மாட்டேன் என்று எழும்பி வந்தவர்.

திருக்கோவிலில் தாய்மார் சிலர் மாதம் ஒருமுறை காணாமல் போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கொட்டகையில் இருப்பார்கள். அங்கே முக்காடு போட்ட ஒரே பெண் எங்கள் சாச்சிதான். மகனைப் பறிகொடுத்த ஒரு தமிழ் அம்மா பக்கத்தில் இடம்பிடித்து வைத்திருப்பார். எங்கள் முஸ்லிம் ஊரில் இது பலருக்குப் பிடிக்கவில்லை. "அவங்கட ஆக்கள்தானே கொண்டுபோன, அவங்களோட போய்க் குந்துறியே?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். சாச்சி, "அவவுக்கும் வரல்ல, எனக்கும் வரல்ல. மத்ததெல்லாம் எனக்கு என்னத்துக்கு?" என்றார். கமராவைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியது அந்த ஒரு பதிலுக்காகத்தான்.

சாச்சி படத்தில் வரச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"மனே, என்னத்த வேணுமெண்டாலும் போடுங்க. மௌத்தாப் போன ஆள் எண்டு மட்டும் காட்டிராதீங்க. அவரு ஹயாத்தோட, உசிரோட இருக்காரு."

"ஓம் சாச்சி. அப்பிடிப் போட மாட்டன்."

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இறந்தவரின் பெயரைச் சும்மா எழுத மாட்டோம். முன்னால் மர்ஹூம் என்று சேர்ப்போம். கல்யாணக் கார்டில் மணமகளின் வாப்பா உயிரோடு இல்லை என்றால் அந்த ஒரு சொல்லில் விஷயம் முடிந்துவிடும். சாச்சியின் மகளுடைய கார்டில் அந்தச் சொல் இல்லை, வெறும் பெயர்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார், "வாப்பா எங்க இருக்கார்?" என்று கேட்டதற்கு, "பயணம்," என்று சொன்னவர் சாச்சி. அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவனே நான்தான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று எந்த வாயாலும் நான் சொல்ல முடியாது.

படத்துக்காக இரண்டு தடவை கொழும்புக்குப் போனேன். காணாமல் போனவர்களுடைய பழைய பட்டியல்களில் சாச்சியின் கணவர் பெயரையும் அந்த அம்மாவின் மகன் பெயரையும் தேடினேன். பெயர்கள் இருந்தன, அதற்கு மேல் ஒரு வரி இல்லை. திரும்பி வந்த இரண்டு தடவையும் சாச்சி வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தார். "ஒண்டும் தெரியல்ல சாச்சி," என்று சொன்னேன். அது சத்தியம்.

படத்தை ஊரில் போடுவதற்கு முந்தின நாள்தான் பெயர்களை ஏற்றினேன். அதே கிழமையில் நான்கு கல்யாண வீடியோ கைவசம் இருந்தது, நான்கிலும் யாரோ ஒருவர் பெயருக்கு முன்னால் மர்ஹூம். சாச்சி தந்த படத்தைத் திரையில் வைத்தேன். தொப்பி போட்ட இளம் முகம், ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. கீழே பெயரை அடித்தேன். என் விரல் அந்தப் பெயருக்கு முன்னால் தன்பாட்டுக்கு ஒரு சொல்லை அடித்தது. திரும்பப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். பிழை இல்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு படம். மண்டபத்து யன்னல்களுக்கு நெல்லுச் சாக்கு கட்டி இருட்டாக்கியிருந்தோம். எங்கள் ஊர்ச் சனம்தான் அதிகம். திருக்கோவில்காரர்களுக்கு அடுத்த கிழமை அங்கேயே போடுவதாக ஏற்பாடு. சாச்சி முன்வரிசையில் பேத்தியோடு இருந்தார். படம் ஓடியது. கொட்டகையில் இரண்டு பெண்களும் ஒரே வெற்றிலைத் தட்டத்திலிருந்து எடுத்து மெல்லுகிற இடத்தில் சனம் சிரித்தது. பிறகு அந்தத் தொப்பி போட்ட முகம் வந்தது. மண்டபம் முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்." மரணச் செய்தி காதில் விழுந்தால் எங்கள் நாக்கு தானாகச் சொல்வது அது. ஆண்களும் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். படம் சனத்தைத் தொட்டுவிட்டது என்று நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது. அதன் பிறகுதான் திரையில் இருந்ததை வாசித்தேன்.

சாச்சி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனார். புரொஜெக்டரை அப்படியே விட்டுவிட்டு நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். கலந்துரையாடலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். ஒருவர் எழும்பி நல்லிணக்கத்தின் அவசியம் பற்றிப் பேசினார். மற்றவர் ஒலி சரியில்லை என்றார். பனிஸ் மிஞ்சியது.

சாச்சியின் வீட்டுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. மகள்தான் கதவை ஒரு சாண் திறந்தார்.

"உம்மா இத்தா இருக்கா. ஆம்பிளையள் உள்ளுக்கு வரேலா."

கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் ஒதுங்கி இருப்பதுதான் இத்தா. அந்தக் காலத்தில் அந்நிய ஆண் முகம் பார்க்க மாட்டார். அறுபத்தைந்து வயதில், கணவன் போய் முப்பது வருஷத்துக்குப் பிறகு, வெள்ளை உடுத்து அறைக்குள் போய்விட்டார். பள்ளிவாசல் மௌலவியிடம் ஓடினேன். எப்போது இறந்தார் என்றே தெரியாத ஆளுக்கு இப்போது இத்தா தேவையில்லை என்று அவர் மகளிடம் சொல்லியனுப்பினார். சாச்சி உள்ளேயிருந்து சொன்ன பதிலை மகள் என்னிடம் அப்படியே சொன்னார்: "மௌத்தான நாள் எனக்குத் தெரியா. செய்தி வந்த நாள் தெரியும்."

செய்தி. என் விரல் பிசகியதுதான் அந்தச் செய்தி. வாசலில் நின்றபடி, உள்ளே கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். "சாச்சி, அது பிழையா விழுந்த சொல்லு. கல்யாண வீடியோவுக்கு அடிச்சு அடிச்சு வந்த பழக்கம். எனக்கு ஒண்டும் தெரியா. அல்லாஹ் மேல ஆணையா ஒண்டும் தெரியா."

மகள் என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "காக்கா, நீங்க கொழும்புக்குப் போய்க் கண்டுபிடிச்சிட்டீங்களாம். நேர சொல்ல மனம் வராமப் படத்தில போட்டிருக்கீங்களாம். உம்மா அப்பிடித்தான் சொல்றா. இனி அந்தத் தம்பி எனக்குச் சமாதானம் சொல்ல வேணாம் எண்டும் சொல்லச் சொன்னா."

இத்தனை வருஷம் ஊர் ஊராகச் சமாதானம் சொல்லித் திரிந்தவன் நான். அந்த வாசலில் எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே வெறுப்பாக இருந்தது. என்மேலும் வெறுப்பாக இருந்தது. முப்பது வருஷமாக அதிகாரிகளாலும் ஊராராலும் சாகடிக்க முடியாமல் போன ஒரு மனிதனை நான் ஒரு பின்னேரத்தில் அடக்கம் செய்துவிட்டேன். சாச்சிக்கு அழுது முடிக்க ஒரு வழி கிடைத்தது என்று என் நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அவரோடு அதற்குப் பிறகு நான் கதைப்பதில்லை.

திருக்கோவிலில் படம் போடவில்லை. அந்த மாதம் கொட்டகைக்குச் சாச்சியும் போகவில்லை. கொட்டகைக் கூட்டத்துக்கு அடுத்த நாள் காலையில் அந்தத் தமிழ் அம்மா பஸ் ஏறிக் கல்முனைக்கு வந்தார். முதலில் சாச்சியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். பெண் என்பதால் உள்ளே விட்டார்கள். ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் இருந்தார்களாம், என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு விசாரித்து விசாரித்து என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டேன். இருக்கவில்லை. மடித்த சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஏசப்போகிறார் என்று நான் காத்திருக்க, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அவட மனுசன்ட செய்தி உங்களுக்குத்தானாம் கிடைச்ச. என்ட புள்ளையப் பத்தியும் என்னவும் தெரியுமோ? தெரிஞ்சா மறைக்காமச் சொல்லிருங்க. நான் தாங்குவன்."

"அம்மா, சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியா," என்றேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவவுக்கும் முதல்ல அப்பிடித்தானே சொன்னீங்க," என்றார்.