முத்திரை உடையாத நூல்கட்டு

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது காலை மணி பத்தேகால். வண்டி முக்கால் மணி தாமதம். முந்தின நாள் மாலை எழும்பூரில் ஏறி, விருதுநகரில் மாறி, அங்கிருந்து ஐம்பது மைலுக்கு மேல் பாசஞ்சரில் ஆடி ஆடி வந்திருந்தேன். தலை நிறையக் கரித்தூள். ராஜபாளையத்தில் இரண்டணாவுக்குக் குடித்த காப்பி வயிற்றில் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தது.

வந்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகுகூட நூலுக்கு அரசாங்கக் கட்டுப்பாடு இருந்ததல்லவா? டிப்போ ஏஜென்ட் நிர்ணய விலையில் நெசவாளிக்கு நூல் கொடுக்க வேண்டும். கொடுத்தார்களா? கள்ள விலைக்கு விற்றுக் கொழுத்தார்கள். பிடிபட்டவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். வழக்குகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. ஏன் படுத்தன என்பதுதான் நான் பட்டத்துக்காக எடுத்துக்கொண்ட சட்ட ஆராய்ச்சி. பன்னிரண்டு தீர்ப்பு நகல்களைப் படித்து, 'விலைபோன சாட்சிகள்' என்று ஒரு அத்தியாயத்தை மயிலாப்பூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே எழுதி முடித்திருந்தேன். பேராசிரியர் விடவில்லை. "ஒரு வழக்கின் காகிதக்கட்டையாவது கண்ணால் பார்த்துவிட்டு வாருமையா" என்று கடிந்துகொண்டார். பன்னிரண்டில் மிக அழகாக என் கட்சிக்குப் பொருந்திய வழக்கு சங்கரன்கோவிலில் நடந்தது. ஆகவே சங்கரன்கோவில்.

வழக்கு சின்னது. கோமதிநாயகம் என்ற நெசவாளி, டிப்போவில் பத்து ராத்தல் நூல்கட்டு ஒன்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். கடை வாசலிலேயே இன்ஸ்பெக்டர் பிடிக்கிறார். கட்டைப் பிரிக்காமல் அப்படியே எடை போட்டு, சரியாகப் பத்து ராத்தல் என்று குறித்து, அரக்கு முத்திரை வைத்து, கோர்ட்டில் ஒப்படைக்கிறார். நாலு மாதம் கழித்து விசாரணை. கூண்டில் நின்ற கோமதிநாயகத்தின் கையில் கட்டைக் கொடுத்து, "நீர் வாங்கிய கட்டு இதுதானா?" என்று கேட்கிறார்கள். அவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இல்லீங்க" என்கிறார். தராசு வருகிறது. ஒன்பதே கால் ராத்தல்! சாட்சி நம்பத்தகாதவர், சான்றுப் பொருளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், ஏஜென்ட் விடுதலை. மூன்று வருஷத்துக்கு முந்திய கதை.

ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரர் கோர்ட்டுக்கு ஏழணா கேட்டார்.

"அரை மைல்தானே?"

"தூரம் அரை மைலுதான் ஐயா. வெயிலு ரெண்டு மைலு இருக்கே!"

ஐந்தணாவுக்குப் பேசி ஏறினேன். நூல் கேஸ் என்றதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். "கோமதிநாயகம் கேஸா? ஏஜென்டுகிட்ட கைய நீட்டி வாங்கிட்டு, கூண்டுல ஏறி ஒரே பல்டி! ஊருக்கே தெரியுமே." என் அத்தியாயத்துக்கு ஊரே சாட்சி சொல்கிறது என்று எனக்குப் பரம திருப்தி.

பகல் பதினொன்றரைக்குக் கோர்ட்டு ரிக்கார்டு அறையில் இருந்தேன். குமாஸ்தா சுப்பையாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து, மூக்கின் நுனியில் கண்ணாடி. நான் கொண்டுபோன அனுமதிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"ஆராய்ச்சியா? எழுதுங்க சார். குமாஸ்தா கட்டை அவுத்து முக்கா ராத்தல் நூலத் திருடிட்டான்னு நீங்களும் ஒரு புஸ்தகத்துல எழுதிருங்க."

"நான் சாட்சியைப் பற்றித்தான்—"

"அவன் பணத்த வாங்கிட்டு இல்லன்னு சொல்லிட்டான். பழி யாரு மேல? ரெண்டு இன்க்ரிமென்ட் நின்னு போச்சு சார் எனக்கு. எம் பொண்டாட்டிகூட ஒருநா கேட்டா, 'நெசமாவே எடுக்கலியா'ன்னு."

பேசிக்கொண்டே பீரோவைத் திறந்து, காக்கித் துணி சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்தக் கட்டேதான். யாரும் உரிமை கோரி வராததால் இங்கேயே கிடக்கிறது. மேலே மில் காகிதம், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு.

"பாருங்க. முத்திரை எங்கனயாவது உடைஞ்சிருக்கா? கயிறு நகந்திருக்கா? இதுக்குள்ள விரல விட்டு எப்படி சார் நூலை உருவுவேன்? நான் என்ன மந்திரவாதியா?"

உற்றுப் பார்த்தேன். முத்திரை பொட்டாக உட்கார்ந்திருந்தது. முத்திரையைப் புதிதாகச் செய்திருக்கலாம் என்பது மாஜிஸ்ட்ரேட் கருத்து. ஆனால் கயிறு காகிதத்தில் பதிந்த தடம் அப்படியே இருந்ததே, இம்மியும் விலகவில்லையே! நெருடியது. பிடித்த அன்று இன்ஸ்பெக்டர் எழுதிய மகஜரைப் புரட்டினேன். 'மில் காகிதத்தில் மையெழுத்து சற்றே கலைந்திருக்கிறது' என்று கடைசியில் ஒரு வரி. காகிதத்தைப் பார்த்தேன், எழுத்து கலைந்துதான் இருந்தது. "இந்த அறை மழைக்கு ஒழுகுமா?" என்று கேட்டேன். "சொட்டு இறங்காது" என்றார் சுப்பையா. குறித்துக்கொண்டேன், காரணம் தெரியாமலே.

கோயில் பக்கத்து ஓட்டலில் பத்தணாச் சாப்பாடு, சத்திரத்தில் ஒரு ரூபாய் அறை, ஒரு மணி நேரத் தூக்கம். நாலு மணிக்கு நெசவாளர் தெருவுக்கு நடந்தேன். தறிச்சத்தம் தெருமுனைக்கு முன்னாலேயே காதில் விழுந்தது. கோமதிநாயகத்தின் வீடு எது என்று கேட்டபோது ஒருவர் வாயால் சொல்லாமல் மோவாயால் காட்டினார்.

அவர் குழித்தறியிலிருந்து எழுந்து வந்தார். மெலிந்த உடம்பு, நாற்பதைத் தாண்டிய வயது. நான் யாரென்று சொன்னதும் முகம் இறுகியது.

"ஐயா, ஒரு சல்லிக்காசு வாங்கல நான். அந்தக் கட்டு வேற. நெசவு செய்யுதவன் கை சொல்லும்லா? அன்னைக்கு டிப்போவுல தூக்கும்போது தோள இழுத்திச்சு. கோர்ட்டுல பூவாட்டம் எந்திரிச்சு வருது. அது எப்படி என் கட்டுன்னு சத்தியம் பண்ண? அந்தக் குமாஸ்தாதான் மாத்திட்டான். மூணு வருஷமா இதைத்தான் சொல்லுதேன்."

"யாராவது நம்பினார்களா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஆவுடையம்மாள் பதில் சொன்னாள். "நம்புனா எங்க பாவுக்கு ஒரு கை வராதா?"

புரியவில்லை என்றேன். அவளே விளக்கினாள். தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலைத் தெருவில் ஏழெட்டு வீட்டு நீளத்துக்குக் கம்புகளில் இழுத்துக் கட்டி, விடியற்காலையில் கஞ்சி போட்டு உலர்த்த வேண்டும். அதற்கு ஆறு பேராவது வேண்டும். இன்றைக்கு உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. கூலி கிடையாது. தீர்ப்பு வந்த மறுநாளிலிருந்து இவர்கள் பாவுக்கு யாரும் வரவில்லை. இவர்களையும் யாரும் கூப்பிடவில்லை. ஏஜென்டால் நசுங்கிய தெரு அது. ஏஜென்டிடம் காசு வாங்கியவனோடு யார் கம்பு பிடிப்பார்கள்? புருஷனும் பெண்டாட்டியுமாகக் குட்டைப் பாவாகப் போட்டு, பாதி வருமானத்தில் காலம் ஓடுகிறது.

பேசியபடியே அவள் தொட்டியில் ஊறிய, வளையமாகச் சுற்றிய நூல் கழிகளைத் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். கொடியில் போட இடம் போதாமல், "சார், இதைச் சித்த புடிங்க" என்று ஒரு கொத்தை என் கையில் திணித்தாள். அப்பாடா, என்ன கனம்! கை தாழ்ந்துவிட்டது.

"இவ்வளவு கனக்குமா நூல்?"

"எல்லாம் தண்ணி. காஞ்சா ஒண்ணும் இருக்காது."

நான் அப்படியே நின்றேன். சட்டையெல்லாம் ஈரம். என் மரமண்டையில் முத்திரையும், மை கலைந்த காகிதமும், முக்கால் ராத்தலும் ஒன்றாக வந்து முட்டின.

"டிப்போவில் வாங்கிய நூலை வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே தொட்டியில போட்டுருவோம்" என்றார் கோமதிநாயகம். "ஊறினாத்தான கஞ்சி பிடிக்கும்."

"வரும்போதே ஈரமாக இருந்ததா என்று யாராவது பார்த்ததுண்டா?"

"ஊறப் போடுத நூலுல ஈரத்தப் போயி யாரு பாப்பா?" என்று சிரித்தவர், சிரிப்பை நடுவில் நிறுத்தினார்.

ஏஜென்ட் மேல் கூடுதல் விலைக்குத்தான் வழக்கு. ஆனால் அவன் நூல்கட்டிலிருந்து முக்கால் ராத்தல் கழிகளை உருவிவிட்டு, தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டிக் கட்டியிருக்கிறான். காகிதத்தில் மை கலைந்ததும் அந்த ஈரத்தில்தான். நெசவாளியிடம் மாட்டவே மாட்டான், ஏனென்றால் அவர்கள் வாங்கிய அன்றே தொட்டியில் போடுகிறவர்கள். ஊரிலேயே உலர்ந்துபோன ஒரே கட்டு, கோர்ட்டுப் பீரோவில் நாலு மாதம் இருந்த கட்டுதான்.

நான் சொல்லி முடிப்பதற்குள் ஆவுடையம்மாள் ஈரக்கையோடு முன்னால் வந்துவிட்டாள். "பாவு எட்டலைன்னு என்னையத்தான ஏசுனீக? நூலச் சேதாரம் பண்ணுதேன்னு எத்தன நாளு! தெருவுல இருக்க அத்தன பொம்பளையளும் இதே ஏச்சு வாங்குனோமே!" அவள் கண் கலங்கிவிட்டது. கோபத்திலா, ஆறுதலிலா? இரண்டிலும்தான்.

கோமதிநாயகம் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அது என் கட்டுதானா? நான் இல்லன்னுல்ல சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "அந்தக் குமாஸ்தாவ மூணு வருஷமா திருடன் திருடன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தீர்ப்பை மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். விடுதலையானவனை அதே குற்றத்துக்கு மறுபடி நிறுத்த முடியாது. தண்ணீர் தெளித்ததற்குப் புதிதாக வழக்குப் போடலாம் என்றால் தண்ணீர் எங்கே? படித்த சட்டம் முழுவதையும் அந்த முற்றத்தில் கொட்டினாலும் அவருக்கு ஒரு முழத் துணிக்கு ஆகாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆறு மணிக்குச் சுப்பையாவின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தண்ணியா? வெறும் தண்ணிக்கா சார் எனக்கு ரெண்டு இன்க்ரிமென்ட் போச்சு?" என்று கத்தினார். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி, கேட்டியா? தண்ணியாம்!" என்று மனைவியிடம் இரைந்தார். கோமதிநாயகம் வருத்தப்பட்டதையும், விடியற்காலை பாவு போடப்போவதாகச் சொன்னதையும் தெரிவித்தேன். மகஜரின் அந்தக் கடைசி வரியை நகலெடுத்துத் தர முடியுமா என்று கேட்டதற்கு, "விதிப்படி மனுப் போடணும்" என்றார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தெருவில் பாவு நீண்டு கிடந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக முழுநீளப் பாவு. துணிந்து போட்டுவிட்டார்களே தவிர, கைகள் இல்லை. கோமதிநாயகம் ஒரு முனை, ஆவுடையம்மாள் கஞ்சிப்பானை, நான் நடுவில் ஒரு கம்பு. எதிர்வாசல்களில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்போது தெருமுனையில் சுப்பையா வந்தார். கோர்ட்டுக் கோட்டு, தலைப்பாகை, கையில் மடித்த காகிதம். நேரே கோமதிநாயகத்திடம் போய், "நகல் எடுத்தேன்" என்றார். மனு எதுவும் கேட்கவில்லை. காகிதத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார், முத்திரை, எடை, கலைந்த மை எல்லாவற்றையும். "நானும் எடுக்கல. இவரும் வாங்கல. முக்கா ராத்தலும் தண்ணி!" என்று முடித்துவிட்டு, கோட்டோடு மறுமுனைக் கம்பைப் பிடித்தார்.

ஒரு வாசலில் நின்ற பெண் தன் புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கோமதிநாயகம் தன் முனைக் கம்பைக் கட்டிவிட்டு, சுப்பையாவை ஒரு கும்பிடு போட்டு, பாவில் தடவும் பிரஷ்ஷைக் கஞ்சியில் முக்கினார்.

நான் கம்பு பிடித்த லட்சணத்தில் பாவு நடுவில் தொய்ந்து புழுதியைத் தொடப் போனது. எதிர்வீட்டிலிருந்து பருத்த மனிதர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

"என்னவே புடிக்கீரு! நூலு அறுந்து நாசமாப் போகுது, இங்கன தாரும்" என்று என் கையிலிருந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கினவர், கோமதிநாயகத்தைப் பார்க்காமலே, "அண்ணாச்சி, கஞ்சி கெட்டியா இருக்கு. கொஞ்சம் தண்ணி விடச் சொல்லும்" என்றார்.

ஆவுடையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினாள். அந்தத் தெருவில் இனி எனக்கு வேலை இல்லை.

ஒன்பதரைக்கு ஸ்டேஷன். ஜட்காவுக்கு ஏழணாவைப் பேசாமல் கொடுத்தேன். வண்டி கிளம்பியதும் மயிலாப்பூரில் இருக்கும் என் மேஜை ஞாபகம் வந்தது. சுத்தமான மேஜை, காற்றுக்குப் பறக்காமல் தீர்ப்பு நகல்கள்மேல் கண்ணாடிக் குண்டு ஒன்று வைத்திருப்பேன். அங்கே உட்கார்ந்துதான் கோமதிநாயகத்தை, நேரில் பார்க்காமலே, நானும் ஒருமுறை விலைபோனவர் என்று தீர்ப்பெழுதினேன். அந்தப் பெயரை அடித்துவிடலாம், அது சுலபம். அந்த அத்தியாயத்தில் இன்னும் பதினொரு பெயர்கள் இருக்கின்றன.

விருதுநகரில் இறங்கினேன். சென்னை வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. டிக்கெட் ஜன்னலில் போய், அந்தப் பதினொரு பெயர்களில் அடுத்தவரின் வழக்கு நடந்த ஊருக்கு மூன்றாம் வகுப்பு எவ்வளவு என்று கேட்டேன்.