சீன அக்கா அவிழ்த்த சுவெட்டர்

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் நான் முதலில் குடியிருந்த கட்டடத்தில் மாடிப்படி விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். எதிர்வீட்டுச் சீன அக்கா அதை நம்பவில்லை. விளக்கு அணையும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். அந்த மின்சாரத்துக்குக் காசு கட்டுவது கட்டடச் சொந்தக்காரர். அதைச் சொன்னால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். யார் கட்டினால் என்ன, எரிவது எரிவதுதானே என்ற பார்வை.

அவருடைய கணவர் ஒரு சீனச் சாப்பாட்டுக்கடையில் சமையல்காரர். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பையன்கள். அக்கா வீட்டோடுதான். ஒரே தேயிலைக்கு மூன்று தரம் சுடுதண்ணீர் ஊற்றுவார். ஐஸ்கிறீம் டப்பாவில் பயறு முளைக்க வைப்பார். பாண் வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவி உடுப்புக் கம்பியில் காயப்போடுவார். மீன்கடையில் வீசப்போகும் மீன்தலைகளுக்கு சனிக்கிழமைகளில் அவருக்கும் எங்கள் தமிழ்ப் பொடியன்களுக்கும் போட்டி. ஒருநாள்கூட நாங்கள் முந்தியதில்லை. "சரியான கசவாரம்" என்று அவருடைய கஞ்சத்தனத்தை அவருக்கு முன்னாலேயே தமிழில் சொல்லிச் சிரிப்போம். அவரும் சீனத்தில் எங்களை ஏதாவது சொல்லியிருப்பார்.

நான் அப்போது தனி ஆள். மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கே இருக்க அனுமதி கிடைத்ததும் அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். எனக்கு முன்னால் வந்தவர்களின் குடும்பங்கள் வந்து சேர்ந்திருந்தன. என்னுடையதில் அசைவே இல்லை. பொலிஸ் அலுவலகத்தில் கேட்டால், "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதும், அது தமிழ் வழக்கு என்று நாடெல்லாம் பேசப்பட்டு அரசாங்கமே விழும் என்பதும் பிறகு தெரிந்த சங்கதி. அன்றைக்கு நான் நினைத்ததெல்லாம், எங்கேயோ நான்தான் ஏதோ பிழைவிட்டுவிட்டேன் என்பதுதான்.

அகதி முகாமில் யாரோ தந்த பச்சைச் சுவெட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. முழங்கை கிழிந்ததும் குப்பைத்தொட்டியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சீன அக்கா, கையில் என் சுவெட்டர்.

"நல்ல கம்பளி! நீ பைத்தியம்!" என்றார். எங்கள் இருவருடைய டெனிஷும் அந்த அளவுதான்.

எனக்கு வந்ததே கோபம். என் குப்பையைக் கிளற இவர் யார்? கதவைச் சாத்தப் போனேன். அதற்குள் அவர் கண் சுவரில் இருந்த படத்தில் விழுந்துவிட்டது.

"மகளா? எவ்வளவு உயரம்?"

முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு தன் வீட்டுக்கு வரச்சொன்னார். சாப்பாட்டுக்கு என்று நினைத்துப் போனேன். கூப்பிட்டது வேலைக்கு. சுவெட்டரை முழுதாக அவிழ்த்து, நூலைக் கழுவிக் காயவைத்துப் பெரிய வளையமாகக் கட்டி வைத்திருந்தார். அதை என் இரண்டு கைகளிலும் மாட்டி, கைகளை நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, எதிரே இருந்து உருண்டையாகச் சுற்றினார். நான் சுற்றுகிறேன் என்று ஒருமுறை கேட்டு வாங்கினேன். "இறுக்கம். நூல் செத்துப்போகும்" என்று பிடுங்கிக்கொண்டார். பிறகு என் வேலை கையை நீட்டுவது மட்டும்தான். பிள்ளையைத் தூக்கப் போகிறவன் மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வெறுமனே இருப்பது எனக்குத் தாங்கவே முடியாமல் இருந்தது.

சுற்றிக்கொண்டே அரைகுறை டெனிஷில் தன் கதையைச் சொன்னார். கணவர் முதலில் தனியாகத்தான் டென்மார்க் வந்தார். அக்கா பிள்ளைகளோடு ஊரில் காத்திருந்தார். அங்கே ஒரே நூலைத்தான் வருடா வருடம் அவிழ்த்து, பிள்ளை வளர வளரப் பெரிதாகப் பின்னுவார்களாம். கடைசியில் இங்கே வந்து இறங்கிய அன்று மூத்தவன் தகப்பனைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தான், "மாமா" என்றுதான் கூப்பிட்டான்.

"எத்தனை நாள்?" என்று கேட்டேன்.

"நீண்ட நாள். அவர் சமையலறையில் அழுவார்."

அதுவரை எனக்கு ஒரு பயம்தான் இருந்தது. அன்றிலிருந்து இரண்டு. அவர்கள் வருவார்களா என்பது ஒன்று. வந்தாலும் மகள் என்னிடம் வருவாளா என்பது மற்றது.

முதல் சுவெட்டர் பனிக்காலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. மகள் வரவில்லை. அடுத்த வருடம் அக்கா அதை அவிழ்த்தார். நான் கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். பச்சை போதாமல் கணவருடைய பழைய சாம்பல் நிறக் கம்பளியைச் சேர்த்தார். அதற்கடுத்த முறை இளையவனின் சிவப்பு சேர்ந்தது.

நான் வேலை செய்ததோ பின்னலாடைத் தொழிற்சாலையில். இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று அங்கிருந்தே புதுச் சுவெட்டர் ஒன்று வாங்கிவந்து காட்டினேன். அக்கா அதை உள்பக்கமாகப் புரட்டித் தையலைப் பார்த்தார். "வெட்டித் தைத்தது. அவிழ்த்தால் துண்டு துண்டாகத்தான் வரும்" என்று திருப்பித் தந்துவிட்டார். திரும்ப அவிழ்க்க முடியாததை அவர் உடுப்பாகவே மதிக்கவில்லை. கஞ்சத்தனத்துக்கும் ஓர் எல்லை இல்லையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இனி உதவாது என்று எதையும் கைவிட அவருக்கு மனம் வராது என்று இப்போது தோன்றுகிறது. என் விண்ணப்பத்தை நானே மறந்துவிட நினைத்த வருடத்திலும் அவர் வந்து, "எவ்வளவு உயரம்?" என்றுதான் கேட்டார்.

ஒருவழியாக அனுமதி வந்தது. விமான நிலையத்தில் மகள் தாயின் சேலைக்குப் பின்னால் போய் நின்றாள். "அப்பாட்டப் போ பிள்ளை" என்றாள் மனைவி.

"இந்த மாமா ஆர்?" என்று மகள் கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். நான் ஓர் அறைக்குள் போனால் அவள் மற்ற அறைக்குப் போவாள். சொக்லேட் நீட்டினால் தாய் வாங்கித் தரவேண்டும். ஒருநாள் குளியலறைக்குள் போய், சத்தம் கேட்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சீன அக்கா கண்டிருந்தால் தண்ணீருக்காக ஏசியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சுவெட்டரோடு வந்தார். மகளுக்குத் தலை நுழைந்தது, கைகள் பாதியில் நின்றன, கீழே வயிறு தெரிந்தது. நான் காட்டிய அளவெல்லாம் பிழை. மகள் வளர்ந்த அளவுக்கு என் கை உயரவில்லை. விட்டுவந்த குழந்தையையே நான் அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சுவெட்டரைக் கழற்றி, ஒரு முடிச்சைப் பிரித்து இழுத்தார்.

"ஐயோ, இஞ்சருங்கோ, புதுச் சுவெட்டரையெல்லோ பிரிக்கிறா!" என்று மனைவி பதறினாள்.

மகள் தாயை விட்டு முன்னால் வந்து, வாயைத் திறந்தபடி பார்த்தாள். சுவெட்டர் வரிவரியாகக் காணாமல் போய்க் கதிரை முதுகில் வெறும் நூலாகச் சேர்ந்தது. எப்போதும் கழுவிக் காயவைத்த பிறகுதான் அக்கா சுற்றுவார். அன்று கழுவவில்லை. மகளைக் கதிரையில் இருத்தி, கைகளை நீட்டவைத்து, நூலை மாட்டினார். எதிர்க் கதிரையில் அவர் இருக்கவில்லை. என் தோளைப் பிடித்து அமுக்கி என்னை இருத்தினார். நூல் நுனியை என் கையில் தந்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்கள் சமையலறைக்குள் போய்விட்டார்.

மகளால் எழுந்து ஓட முடியாது. கை நிறைய நூல். தாய் போன பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சுற்றினேன், பயத்தில் வேகமாகவும் இறுக்கமாகவும். பச்சை முடிந்து சாம்பல் நிறம் வந்தது.

"அப்பா," என்றாள், நூலையே பார்த்தபடி. "கொஞ்சம் ஆறுதலாச் சுத்துங்கோ. எனக்குக் கை நோகுது."

"ஓம் பிள்ளை," என்றேன்.

சமையலறையில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் மெதுவாகச் சுற்றினேன். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. சீன அக்கா அதை மூடவே இல்லை.