தேய்த்துக் கழுவிய கரி

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், ஐக்கிய அரபு அமீரகத்தில் புஜைராவிலிருந்து மலைகளை நோக்கிச் செல்லும் சாலையோரத்தில் நடந்த அகழாய்வில் நான் பணியாற்றினேன். ஆட்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றின் வழியாகப் பத்துத் தொழிலாளர்களோடு அங்கே சென்றிருந்தேன். அவர்களுக்கு நான் ஃபோர்மேன். அதுவரை சாலைக்கும் குழாய்க்கும் மண் வெட்டிய கைகள், முதன்முறையாகப் பழைய பானை ஓடுகளுக்காகச் சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டின. அங்கே எனக்கு மூண்ட கோபம், இதை எழுதும் இந்த நேரத்திலும் தணியவில்லை.

ஆய்வை நடத்தியவர் அறுபது வயதை எட்டிய ஓர் அமெரிக்கப் பெண்மணி. தம் நாட்டின் தென்மேற்குப் பாலைவனத்தில் வாழ்ந்த பியூப்லோ மக்களின் பழம்பானைகளை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். நீர் குறைந்த நிலத்தில் மனிதர்கள் எவ்வாறு கூடி வாழ்ந்தார்கள், எந்த ஊரில் வனைந்த பானை எந்த ஊர் அடுப்புக்குப் போயிற்று என்பதையெல்லாம் அங்கே ஓடுகளைக் கொண்டே அறிந்தவர், இங்கேயும் அதையே தேடி வந்திருந்தார். இவை நான் பின்னர் தெரிந்துகொண்டவை. அப்போது எங்களுக்கு அவர் 'மேடம்', அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் அவர் ஓர் ஓட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பத்து நிமிடம் பேசுவார். அதை எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவர் எங்கள் நிறுவனத்தின் சூப்பர்வைசர். பட்டம் பெற்றவர், நகரத்தில் வளர்ந்த தமிழர். கைகளைப் பாக்கெட்டில் நுழைத்தபடி அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"ஒண்ணுமில்ல. ஒழுங்கா வேலை பாருங்கன்னு சொல்றாங்க. யல்லா, யல்லா, கிளம்புங்க."

"மேடம் கல்யாண விருந்தே பரிமாறுது. சாரு நமக்கு ஊறுகாய மட்டும் வைக்கிறாரு" என்று ஒருவர் கேலி செய்வார். அனைவரும் சிரிப்போம். நானும் சிரித்தேன்.

ஒருநாள் ஒரு சமையல் பானையின் அடிப்பாகம் துண்டு துண்டாகக் கிடைத்தது. உட்புறம் முழுவதும் அடிப்பிடித்த கரி தடித்து ஒட்டியிருந்தது. மறுநாள் காலை மேடம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் பேசினார். கரியை விரலால் சுட்டிக்காட்டினார். தலையைப் பலமுறை அசைத்தார். சூப்பர்வைசர் எங்களிடம் திரும்பினார்.

"நாளைக்குப் பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க. எல்லாம் கிளீனா இருக்கணும். ஜல்தி."

ஓடுகளைக் கழுவும் பொறுப்பு இராமநாதபுரத்துக்காரர் ஒருவரிடம் இருந்தது. பள்ளியில் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். எடுத்த வேலையில் குறை வைக்காதவர். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதாதென்று, கேம்ப் சமையலறையிலிருந்து கம்பி நார் கொண்டுவந்து அந்தக் கரி முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டார். நான் ஒவ்வொரு துண்டையும் புரட்டிப் பார்த்தேன்.

"புதுப்பானை மாதிரி ஆக்கிட்டியேப்பா!"

"பின்ன என்னண்ணே? வெளியாளுக வந்து பார்க்கயில கரிச்சட்டியவா நீட்டுறது? நம்ம மானம் போயிராதா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பாராட்டி முதுகில் தட்டினேன்.

நண்பகலில் மேடம் வந்தார். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். பிறகு கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாழ்ந்த குரலில் அவர் ஏதோ கேட்க, சூப்பர்வைசர் சற்றும் தயங்காமல் இராமநாதபுரத்துக்காரரை நோக்கிக் கையை நீட்டினார். கரியைக் கழுவக் கூடாதென்று தாம் தெளிவாகச் சொன்னதாகவும், படிக்காத ஆட்களுக்கு விளங்கவில்லை என்றும் அவர் ஆங்கிலத்தில் கூறியது எனக்குப் புரிந்தது.

"எத்தனை தடவ சொன்னேன்? மூட்டையக் கட்டு. உன் விசா நாளைக்கே கேன்சல்."

"சார், நீங்கதான கிளீனா இருக்கணும்னு..."

"வாய மூடுடா!"

நாற்பது வயதைக் கடந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தோடு முன்னே போய் நின்றேன்.

"மேடம், யூ டென் மினிட் டாக். ஹி ஒன் வேர்ட் டாக். எவ்ரிடே. பிளாக் நோ வாஷ், ஹி நோ டெல்."

"அண்ணே, கம்முனு இருங்க. உங்களையும் சேர்த்து ரிப்போர்ட் எழுதிருவேன்" என்றார் சூப்பர்வைசர்.

"எழுதுங்க சார். அதையாவது முழுசா எழுதுறீங்களான்னு பார்ப்போம்."

மேடம் எங்கள் ஒவ்வொருவரிடமும், காலையில் என்ன சொல்லப்பட்டது என்று கேட்டார். பத்துப் பேரும் அதே இரண்டு சொற்களைத்தான் சொன்னார்கள்: கிளீன், ஜல்தி. அதற்குப் பின் எனக்காக மெதுவாக அவர் கூறியதுதான் என்னை மேலும் கொதிக்கச் செய்தது. தாம் நீளமாகப் பேசுவதும் சூப்பர்வைசர் சுருக்கமாக முடிப்பதும் தமக்கும் நாள்தோறும் தெரிந்ததாம்; வேலை நடந்துகொண்டிருந்ததால் கேட்காமல் விட்டாராம்.

மேடம் எங்கள் நிறுவனத்தோடு பேசியதால் விசா ரத்தாகவில்லை. அன்று மாலை எங்களை அமர வைத்து, கைகளாலும் சிறு சிறு சொற்களாலும் அவரே விளக்கினார். அந்தக் கரியை ஆராய்ந்திருந்தால், அந்த வீட்டார் என்ன சமைத்தார்கள், அவர்களின் தானியம் அருகில் விளைந்ததா, கடல் கடந்து வந்ததா என்று அறிய வாய்ப்பு இருந்ததாம். பியூப்லோ பானைகள் தமக்கு அப்படித்தான் பேசின என்றார். எத்தனையோ நூற்றாண்டுகள் மண்ணுக்குள் அழியாமல் காத்திருந்த ஒன்றை, எங்கள் கம்பி நார் ஒரே காலைப்பொழுதில் அழித்துவிட்டது.

அடுத்த நாள் முதல் இராமநாதபுரத்துக்காரர் ஓடு கழுவ மறுத்துவிட்டார். "மண்ணு மட்டும் சுமக்கிறேண்ணே, அதுல தப்பு வராது" என்றார். வேலை முடியும்வரை அவர் கூடைதான் சுமந்தார். சூப்பர்வைசரோ வேறொரு சைட்டுக்கு மாற்றப்பட்டார், அங்கேயும் சூப்பர்வைசராகவே.

அவர் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. தெரிந்தும் வாளாவிருந்த அந்த அறிஞர் மீதும் உண்டு. ஆனால் நான் ஃபோர்மேன். முழுவதும் சொல்லப்படவில்லை என்பதை முதல் நாளே உணர்ந்தவன். வாய் திறந்து கேட்கும் அளவுக்கு ஆங்கிலமும் அறிந்தவன். அவர்கள் இருவரையும் என்றேனும் ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்று தோன்றுகிறது. விளங்காத பேச்சுக்கு மூன்று மாதம் தலையாட்டி, ஒரு நல்ல உழைப்பாளியைத் தன் கைகளையே நம்பாதவராக்கிய என்னை மட்டும் மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.