திரும்பிப் பார்க்கக் கூடாத இடம்

தாலுகா ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஓய்வு என்பது ஏட்டளவில்தான். காலையில் பேப்பரை விரிப்பதற்குள் யாராவது ஜவுளிக்கடைப் பையோடு வாசலில் நிற்பார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் முக்கியமான ஆவணம் எதுவும் வேறு பையில் இருந்து நான் பார்த்ததில்லை. பையின் கனத்தைப் பார்த்தே விவகாரம் எத்தனை வருடப் பழசு என்று சொல்லிவிடுவேன்.

பரளச்சியிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் பை காற்றாடியது. மகளுக்கு ஐந்தரை வயது. பிறவியிலிருந்தே காது கேட்காது. ஊனமுற்றோர் அட்டை, உதவித்தொகை, காதுக்கருவி எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். காப்பீட்டில் இலவசமாக ஆபரேஷன் செய்ய ஆறு வயது முடிவதற்குள் போயாக வேண்டும். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்டேன். ஊரில் யாருக்கும் தெரியாது என்று மட்டும் சொன்னாள். ஊர்க்காரர்களின் காதைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

பையை நிரப்பும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஊனம் தெரியும்படி புகைப்படம் வேண்டும் என்று ஒரு பழைய படிவம் கேட்டது. காது கேளாததை எப்படிப் படம் எடுப்பது என்று ஸ்டுடியோக்காரர் என்னையே கேட்டார். பிள்ளையைச் சிரிக்கச் சொல்லி எடுங்கள், மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

டவுனில் நடந்த ஊனமுற்றோர் முகாமுக்கு மூவரும் போனோம். முதல் சோதனை எளியது. பிள்ளை தாயோடு மர பெஞ்சில் உட்காரும். உதவியாளர் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டுவார். திரும்பாவிட்டால் மதுரைக்கு, மெஷின் வைத்துப் பார்க்க அனுப்புவார்கள். திரும்பினால் வீட்டுக்கு.

கிலுகிலுப்பை ஆடியது. பிள்ளை அழகாகத் திரும்பிச் சிரித்தது. மறுபடி ஆட்டினார்கள், மறுபடி திரும்பியது.

“கேக்குதேம்மா,” என்று டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். எதற்கும் இன்னொரு தடவை என்று உதவியாளரிடம் கையைக் காட்டினார்.

மூன்றாவது தடவை நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. தாயின் குதிகால் பெஞ்சின் குறுக்குக் கட்டையில் மெதுவாக ஒரு தட்டு தட்டியது. பெஞ்சு அதிர்ந்தது. பிள்ளை திரும்பியது.

காதுகுத்து, கிடாவெட்டு என்று போகிற இடமெல்லாம் அவள் இதைத்தான் செய்திருக்கிறாள். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் கால் தட்டும், பிள்ளை திரும்பும். ஐந்து வருடம் பழகிய கால். எதிரில் இருப்பது சொந்தக்காரரா, சர்க்காரா என்று அதற்கு எப்படித் தெரியும்?

கேட்கிறது என்று ஒரு தடவை எழுதிவிட்டால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. அந்த வழியில் நடந்து முடிப்பதற்குள் பிள்ளைக்கு ஏழு வயதாகிவிடும். நான் வாய் திறந்தால் புரோக்கர் பேசுகிறான் என்பார்கள். குனிந்து அவளிடம் சொன்னேன்.

“காலைத் தூக்கிக்கோத்தா.”

அவள் தன் காலை யாருடையதோ போலப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். அவளுடைய ஊர்க்காரி ஒருத்தி, மாமனாரின் அட்டைக்காக வந்தவள், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். டாக்டரம்மாவின் பேனா காகிதத்துக்கு வந்துவிட்டது.

“எழுதாதீகம்மா. நாந்தேன் தட்டுனேன். எம்பிள்ளைக்குக் காது கேக்காது.”

ஊர்க்காரிக்குப் பொறுக்கவில்லை. “ஏத்தா, போன மாசம் எங்க வீட்டு விசேசத்துல நாங் கூப்பிட்டதும் திரும்புச்சே?”

“அதுவும் நாந்தேன் மதினி.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தாயைக் கதவோரம் போய் நிற்கச் சொன்னார். கிலுகிலுப்பை ஆடியது. பிறகு உதவியாளர், ஏமாந்த கோபமோ என்னவோ, ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கி அடித்தார். வரிசை மொத்தமும் திரும்பியது. பிள்ளை மட்டும் டாக்டரம்மாவின் பேனா மூடியை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மதுரைக்குச் சீட்டு எழுதினார்கள். நான் அதில் பெயர், வயது, முத்திரை எல்லாம் சரிபார்த்தேன். முத்திரை வழக்கம்போல் தலைகீழாக இருந்தது, செல்லும். அதற்குள் ஊர்க்காரி வரிசையில் தன் இடத்தை விட்டுவிட்டு வந்து பிள்ளைக்குப் பின்னால் நின்றாள். கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“இனி இவள எப்புடிக் கூப்புடுறது?”

“முன்னால வந்து கூப்புடு மதினி,” என்றாள் தாய்.

ஊர்க்காரி பெஞ்சைச் சுற்றிக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் போனாள்.