போர்த்தேங்காய்க்கு நான் போட்ட சத்தம்

1. பார்க்காத படத்துக்கு இசை

நான் விளையாட்டுப் படங்களுக்கு இசையமைத்தவன். இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன. அறுபதுகளின் தொடக்கத்தில் வவுனியாவில் அப்படியொரு உத்தியோகம் இருந்தது. ஒரு திணைக்களத்தின் படப் பிரிவில் நான் இசை உதவியாளர். திணைக்களத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பென்சன் இன்னும் அங்கேயிருந்துதான் வருகிறது.

வன்னியில் எங்கே ஓட்டப் போட்டி, கயிறிழுத்தல், மாட்டுவண்டிச் சவாரி நடந்தாலும் எங்கள் வான் வண்டி போகும். கமெரா படம் பிடிக்கும். எங்கள் கமெராவுக்குக் கண் மட்டும்தான், காது கிடையாது. ஆகவே இசையும் சத்தமும் பிறகு நான் போட வேண்டும். என்னிடம் ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கக்காரர், ஒரு ஸ்டொப் வாச், ஒரு ஒலிப்பதிவு மெசின். ஒலிநாடாவைக் கொழும்புக்கு அனுப்பினால் அங்கே படத்தோடு சேர்ப்பார்கள்.

முதல் நாள் எங்கள் பொறுப்பாளர் நல்லதம்பி ஒரு கடதாசியை நீட்டினார். "நூறு யார் தூர ஓட்டம், பதின்மூன்று செக்கன். பரிசளிப்பு, நாற்பது செக்கன்" என்று எழுதியிருந்தது.

"ஐயா, படத்தை ஒருக்கால் பாக்கலாமோ?" என்றேன்.

"படம் கொழும்பில கழுவுப்படுது. வர ஒரு மாதமாகும். அதுக்கிடையில மியூசிக் முடிஞ்சிருக்கோணும்."

"பாக்காமல் எப்பிடி ஐயா போடுறது?"

"ஓட்டப் போட்டி எண்டால் என்னெண்டு உமக்குத் தெரியாதோ? ஓடுவாங்கள். முன்னுக்கு வாறவன் வெல்லுவான். போடும் காணும்!"

போட்டேன். பதின்மூன்று செக்கனுக்கு மோகனம். அன்று தொடங்கி, நான் பார்க்காத படங்களுக்கு இசையமைப்பதில் வன்னியில் என்னை விடக் கெட்டிக்காரன் இல்லை என்று நானே நம்பத் தொடங்கினேன். வேறு எவனும் அந்த வேலையைச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

2. சைக்கிள் சங்கிலி

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிள் ஓட்டம். கடதாசியில் செக்கன் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கொழும்பில் படத்தை வெட்டும்போது நடுவில் ஒரு துண்டைக் குறைத்துவிட்டு எனக்குச் சொல்லவில்லை. கிளிநொச்சியில் படம் போட்ட அன்றுதான் நானும் முதன்முதலாகப் பார்த்தேன். வென்றவன் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது இசை சோம்பலாகப் போனது. அவன் போய், கடைசியாக வந்தவன் தெருவோரம் குந்தியிருந்து சைக்கிள் சங்கிலியை மாட்டும்போது என் வெற்றி இசை வெடித்துக் கிளம்பியது. மிருதங்கம் அதிர்கிறது, அவன் கிறீஸ் கையால் மூக்கைச் சொறிகிறான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. நல்லதம்பி ஐயா அலுங்கவில்லை. அவர் அனுப்பிய அறிக்கையை நான்தான் சுத்தமாகப் பிரதி எடுத்தேன்: "மக்கள் படத்தைப் பெரும் ஆரவாரத்துடன் வரவேற்றனர்." மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எந்தப் பிழையும் அறிக்கையில் ஏறினால் சாதனையாகிவிடும் என்று படித்துக்கொண்டேன். மோசமான பாடம். நான் அதைச் சந்தோஷமாகவே படித்தேன்.

3. ணங்கும் பொத்தும்

அடுத்த சித்திரை வருசத்துக்குக் கனகராயன்குளத்தில் போர்த்தேங்காய். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைத்துப் பிடிப்பார், மற்றவர் தன் கையிலுள்ள தேங்காயால் ஓங்கி அடிப்பார். பிறகு மாறி அடிப்பார்கள். காய் வெடித்தாலே அதன் சொந்தக்காரர் தோற்றவர். தேங்காயில் என்ன பெரிய விசயம் என்று கேட்டால் அந்த ஊரில் அடி வாங்குவீர்கள். சிரட்டை தடித்த காயைத் தேடி மாதக்கணக்கில் அலைவார்கள். நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார்கள்.

நல்லதம்பி ஐயா தொடக்க விழா இல்லாமல் படம் எடுக்க மாட்டார். ஆகவே முதலில் அவரே பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு தேங்காய் உடைத்தார். இரண்டு தரம் கல்லில் படவில்லை. மூன்றாவது தரம் பட்டது. அதைத்தான் படத்தில் வைத்தார்கள்.

அன்று வென்றவர் முருகேசு அண்ணை. பதினேழு காய் உடைத்தார். கடைசிக் காய் கந்தப்புவுடையது. இந்த இருவருக்கும் இடையில் தேங்காயை விடப் பெரிய விசயம் ஒன்று இருந்தது. குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிடும் வட்டவிதானை வேலையில் முருகேசு அண்ணை இருந்தார். சொந்த மைத்துனரின் வயலுக்கும் முறை வந்தால்தான் தண்ணீர் திறப்பார். மைத்துனர் அவரோடு கதைப்பதில்லை. ஊர் அவரை அதற்காகவே ஒவ்வொரு முறையும் தெரிவு செய்தது. கந்தப்புவுக்கு அந்த வேலையில் ஒரு கண்.

வென்ற காயை முருகேசு அண்ணை அன்றைக்கே பிள்ளையாருக்குச் சிதறடித்துவிட்டார். அது அவருடைய நேர்த்தி.

வவுனியாவுக்கு வந்ததும் எனக்கு உத்தரவு: தேங்காய் அடிக்கும் சத்தம் வேண்டும். "ஒரு அடி போதும். கொழும்பில அதையே எல்லா இடத்திலயும் ஒட்டுவினம்" என்றார் ஐயா. நான் காசிம் நானாவின் கடைக்குப் போனேன். முல்லைத்தீவிலிருந்து தேங்காய் எடுத்து விற்பவர். இரண்டு காயை எடுத்து நகத்தால் தட்டினார்.

"கேட்டீங்களா தம்பி? ணங் எண்டு சொல்லுது. இதுதான் போருக்குப் போற காய்."

"எனக்குச் சுருதி தெரியும் நானா, தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது.

மைக்குக்கு முன்னால் அடித்தேன். 'ணங்' என்று மெலிந்த, வறண்ட சத்தம். கரண்டி விழுந்த மாதிரி. திரும்பத் திரும்ப அடித்ததில் ஒரு காய் வெடித்தது. வெடித்த காயை அடித்துப் பார்த்தேன். 'பொத்!' ஆகா! என்ன ஆழம், என்ன கம்பீரம்! மிருதங்கத்தின் இடந்தலையோடு அப்படியே சேர்ந்தது. அதையே பதிந்து அனுப்பினேன். ஐயா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். படத்தின் தொடக்கத்தில் "நேரடி ஒலியுடன்" என்று எழுத்துப் போடச் சொல்லிக் கொழும்புக்கும் எழுதினார்.

4. சாக்குக் கட்டிய மண்டபம்

படம் வந்தது. கனகராயன்குளம் பள்ளிக்கூட மண்டபத்தின் யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கி, பின்னேரம் போட்டோம். மறுநாள் காலை குளக்கட்டில் வயல் கூட்டம். புது வட்டவிதானையைத் தெரிவு செய்யும் கூட்டம் என்பதால் முதல் நாளே ஊர் முழுக்க மண்டபத்தில் திரண்டிருந்தது. தொடக்க விழா ஓடும்போது சனம் இன்னும் இடம் பிடித்துக்கொண்டிருந்தது.

முருகேசு அண்ணை திரையில் கையை ஓங்கினார். பொத்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. சனம் என் இசையில் மயங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். அப்போது கந்தப்பு எழும்பினார். படம் அதோடு நின்றது.

"இது வெடிச்ச காய் எல்லோ! காய் முதலே வெடிச்சுத் தோத்திட்டுது. மெழுகு வைச்சு ஒட்டி மறைச்சு எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறார்!"

"அண்டைக்கு அப்பிடிக் கேக்கேல்லையே?" என்றது ஒரு குரல்.

"அண்டைக்குச் சீனவெடிச் சத்தம். எங்களுக்குக் கேக்கேல்லை. மெசினுக்குக் கேட்டிருக்கு. அரசாங்க மெசின் பொய் சொல்லுமோ?"

அங்கே இருந்த ஒவ்வொருவரும் அன்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். தங்கள் கண்ணையும் காதையும் விட்டுவிட்டு மெசினை நம்பினார்கள். முருகேசு அண்ணை எழும்பி, "காயை நான் பிள்ளையாருக்கு உடைச்சிட்டன், இல்லாட்டி இப்பவே கொண்டுவந்து காட்டுவன்" என்றார். "அதுதானே, சாட்சியையும் உடைச்சாச்சு" என்றார் கந்தப்பு. சனம் முணுமுணுத்தது. "கள்ளன்" என்ற சொல் பின்வரிசையிலிருந்து வந்தது.

நான் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றேன். ஐயா என் காதுக்குள் சொன்னார்:

"வாயைத் திறக்காதையும். நேரடி ஒலி எண்டு எழுத்துப் போட்டிருக்கு. உம்மடை நிரந்தர நியமனக் கடுதாசி என்ரை மேசையிலதான் கிடக்கு, நினைவிருக்கட்டும்."

சனம் கலைந்தபின் முருகேசு அண்ணை வானடிக்கு வந்தார். "தம்பி, உந்தச் சத்தம் எங்கையிருந்து வந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுற்றிய வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். "தெரியேல்லை அண்ணை, கொழும்பில கேக்கோணும்" என்றேன். அவர் வயரைப் பார்த்துவிட்டுப் போனார்.

5. கண்ணை மூடிக்கொண்டு

காலையில் தேத்தண்ணிக் கடையில் எல்லாரிடமும் ஒரே கதைதான். முருகேசு அண்ணை தானே விலகப் போகிறாராம். கள்ளன் என்ற பெயரோடு வாய்க்கால் கரையில் நிற்க மாட்டாராம். முதல் நாளே நெல் வாங்க வந்து படமும் பார்த்த காசிம் நானாவும் அங்கே இருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நேற்றுப் படத்தில கேட்டது என்னட்டை வாங்கின காயோ?"

நான் மடியில் தேத்தண்ணிக் காசைத் தேடினேன்.

"என்ரை காய் அப்பிடிச் சொல்லாது. அது வெடிச்ச பிறகு எடுத்த சத்தம். நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

ஆகவே நான் வீரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தேங்காய் வியாபாரியிடம் பிடிபட்ட பிறகுதான் எனக்கு மனச்சாட்சி வந்தது. குளக்கட்டுக்குப் போய்க் கூட்டத்தின் நடுவில் நின்று, "முருகேசண்ணையின்ரை காயில பிழையில்லை. அந்தச் சத்தம் நான் போட்டது, வவுனியாவில, வெடிச்ச காயில" என்றேன்.

"முருகேசு வீட்டில நல்லாச் சாப்பிட்டிட்டு வந்தீரோ?" என்றார் கந்தப்பு. "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ, படம் பொய்யோ?"

நல்லதம்பி ஐயா தொண்டையைச் செருமினார். "படத்தில உள்ளது முழுக்க நேரடி ஒலி" என்றார். சனம் அவரைத்தான் நம்பியது. அவர் கால்சட்டை போட்டிருந்தார், நான் வேட்டி.

அப்போது காசிம் நானா, "சரி, அப்ப இன்னொருக்கால் போடுங்கோ. இந்தமுறை ஒருத்தரும் பாக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கேப்பம்" என்றார். தட்டிக் கேட்டுத் தேங்காய் வாங்குகிற சனத்துக்கு அது நியாயமாகப் பட்டது. எல்லாரும் மண்டபத்துக்குத் திரும்பினோம். மறுபடி சாக்கு. மறுபடி இருட்டு. ஊர் முழுக்கக் கண்ணை மூடியது.

பொத்.

"நிப்பாட்டுங்கோ. இது ஆரின்ரை காய்? கண்ணைத் திறந்து பாருங்கோ" என்றார் நானா.

திரையில் நல்லதம்பி ஐயா, கோயில் வாசலில், கையில் உடைந்த தேங்காயுடன் சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, பிள்ளையாருக்கும் வெடிச்ச காயோ!" என்று ஒரு பெண் கத்தினாள். மண்டபம் குலுங்கியது. மறுபடி ஓடவிட்டோம். பொத். அது மைத்துனரின் காய். பொத். அது கோயில் தருமகர்த்தாவின் காய். பதினேழு பேரும் ஒரே பொத். கடைசியில் கந்தப்புவின் முறை. திரையில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார். பொத்.

"கந்தப்பண்ணை, நீங்கள் ஆரிட்டை மெழுகு வாங்கினனீங்கள்?" என்று கேட்டார் நானா.

கந்தப்பு யன்னல் சாக்கை விலக்கி வெளியே பார்த்தார். ஐயா வானைக் கழுவுவதாகச் சொல்லிப் போய்விட்டார். கூட்டத்தில் கை உயர்த்திய போது எண்ணத் தேவையிருக்கவில்லை. முருகேசு அண்ணைதான் வட்டவிதானை.

ஐயாவின் அறிக்கையை அந்த முறையும் நான்தான் பிரதி எடுத்தேன்: "மக்களின் பெருவிருப்பத்திற்கு இணங்கப் படம் இரண்டாம் முறையும் காட்டப்பட்டது." பாராட்டுக் கடிதம் வந்தது. இரண்டு கிழமையில் எனக்கு மாற்றம் வந்தது. மலேரியா நுளம்பு ஒழிப்புப் படங்களுக்கு இசை. நிரந்தர நியமனம் நாலு வருசம் பிந்தியது. நுளம்புக்கு என்ன இராகம் என்று தேடியதில் அந்த நாலு வருசமும் போயிற்று.

அன்று கனகராயன்குளத்தை விட்டு வான் கிளம்பும்போது முருகேசு அண்ணை வாய்க்கால் மதகடியில் மண்வெட்டியோடு நின்றார். நான் இறங்கிப் போனேன். நன்றி சொல்வார் என்றுதான் போனேன், மறைப்பானேன்.

"அண்ணை, சத்தம் பிழைச்சிட்டுது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"அது வேலையில வாற பிழை தம்பி. நானும் மதகைப் பிழையாத் திறந்திருக்கிறன். திறந்த உடனை ஓடிப்போய் வயல்காரனுக்குச் சொல்லியிருக்கிறன்" என்றார். மண்வெட்டியால் ஒரு கட்டியை எடுத்து வரம்பில் வைத்தார். "நேற்று வயர் சுத்திக்கொண்டு நிண்டியள் எல்லோ. அதுக்கு முதலே சுத்தின வயர்."

பிறகு அவர் குனிந்து தன் வேலையைப் பார்த்தார். நான் எத்தனையோ படங்களுக்குச் சத்தம் போட்டிருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேறொன்றும் இல்லை. பிழை விட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். வயர் சுற்றாதீர்கள்.