நினைவு அட்டையில் வராத வரி

என் கணவர் இறந்து ஒரு வருடம் முடியும் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டியிருந்தது. எங்கள் கத்தோலிக்க ஆட்களிடம் இது வழக்கம். ஒரு பக்கம் இறந்தவருடைய படம், மறுபக்கம் அவரைப் பற்றி நாலு வரி, கீழே சின்னதாக ஒரு செபம். பூசை முடிந்ததும் குடும்பத்தார் கோயில் வாசலில் நின்று கையில் கொடுப்போம். வாங்கியவர்கள் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். என் புத்தகத்தைத் திறந்தாலே பாதித் தெரு உதிரும்.

அட்டை இங்கிலீஷில்தான் என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். அவருக்கு ஒரே தங்கை. அடையாறில் இங்கிலீஷ் டீச்சர். அவளோடு வேலை பார்ப்பவர்களும் வெளிநாட்டுச் சொந்தங்களும் வருவார்கள், அவர்களுக்குத் தமிழ் படிக்க வராதாம். சரி என்றேன். ஆனால் வரிகளை நான்தான் எழுதுவேன் என்றும் சொன்னேன். பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பூசையில் கையில் கொடுக்கும் தாளைப் படித்துப் படித்து வந்ததுதான் என் இங்கிலீஷ். இருந்தால் என்ன, அவரோடு குடித்தனம் செய்தவள் நானல்லவா?

அந்த நாலு வரியில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு செய்தி. அவர் குடியை விட்டார் என்பது.

தி. நகர் கடைகளில் ஏ.சி. பழுது பார்க்கிற வேலை அவருக்கு. சம்பாதித்ததெல்லாம் சாயங்காலமே கரைந்துபோகும். லஸ் பஸ் ஸ்டாப்பில் விழுந்து கிடந்தவரை நானும் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு என் மகளும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறோம். அப்புறம் ஒரு தவக்காலத்தில், குடியை விட்டவர்கள் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் கூடுவார்களே, அங்கே போய் உட்கார்ந்தார். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அதன்பிறகு சாகும்வரை தொடவில்லை. பழைய குடியில் கெட்ட ஈரல்தான் கடைசியில் கொண்டுபோனது. அது வேறு கணக்கு. வீடு, வேலை என்று எதிலும் அவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அவர் செய்த ஒரே பெரிய காரியம் இதுதான். எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், மாதாவுக்குத் தெரியும்.

எழுதியதை எடுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனேன். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள். அண்ணனுடைய நினைவு அட்டைக்கும் சிவப்புப் பேனாதான். நான் செபப் புத்தகத்தில் பார்த்த மாதிரியே எழுதியிருந்தேன். மன்றாட்டுகளில் ஒரு வரி முடியுமுன் அடுத்த வரி தொடங்கும், மூச்சு விடுகிற இடத்தில் ஒரு கமா இருக்கும். அவர் குடித்தார் கமா, நான் செபித்தேன் கமா, அவர் விட்டார் கமா என்று என் இங்கிலீஷும் அப்படியே ஓடியது. கமா வைத்த இடத்திலெல்லாம் அவள் வட்டம் போட்டாள்.

குறை சொல்லக்கூடாது, பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியத்தை வெறும் கமாவால் கட்டக்கூடாதாம், அது தாங்காதாம். ஒன்று, முதல் வாக்கியத்துக்குப் புள்ளி வைத்து முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அண்ட், பட், ஸோ என்று ஒரு வார்த்தையைக் கமாவுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். பிகாஸ் போட்டும் சேர்க்கலாம். இரண்டும் நெருங்கிய விஷயமாக இருந்தால் புள்ளிக்குக் கீழே கமா போட்ட மாதிரி ஒரு குறி இருக்கிறது, அதை வைக்கலாம்.

"எதுக்கு எது காரணம்னு நீங்கதான் அண்ணி சொல்லணும். கமாக்கு அது தெரியாது" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து, கீரை ஆய்கிறபோதும் அதே நினைவு. அவர் விட்டதற்கு என் செபம் காரணமா? அப்படியென்றால் ஸோ போட வேண்டும். ஆனால் விடாத வருடங்களிலும் நான் செபித்துக்கொண்டுதானே இருந்தேன்? பட் போட்டால் செபம் வீண் என்றாகிவிடும். கடைசியில் என்னை எடுத்துவிட்டேன். அவர் பல வருடம் குடித்தார், அதற்கு ஒரு புள்ளி. பிறகு கடவுளின் கிருபையால் விட்டார், அதற்கு ஒரு புள்ளி. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். பிழை இல்லை என்றாள். பிரஸ்ஸில் தானே கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பூசை அன்று சாயங்காலம்தான் அட்டைக்கட்டு கைக்கு வந்தது. நல்ல வழவழப்பான தாள். படமும் தெளிவாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அன்பான கணவர், பாசமுள்ள தந்தை, பக்தியுள்ள கத்தோலிக்கர். அவ்வளவுதான். யாருடைய அட்டையிலும் ஒட்டலாம்.

கோயில் படியிலேயே கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"அந்த வரி எப்படி எழுதினாலும் சேரல அண்ணி. கமா ப்ராப்ளம் வந்துச்சு."

"அதுல கமாவே இல்லையேம்மா. நீதானே பாத்த?"

வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எங்க ஸ்கூல்லேர்ந்து எல்லாரும் வந்திருக்காங்க. எங்க அண்ணனைக் குடிகாரன்னு நானே அச்சடிச்சுக் குடுக்கணுமா?"

அதற்குள் மணி அடித்தது. உள்ளே போய் முழங்காலில் நின்றேன். எதற்கு எழுந்தேன், எதற்கு உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

பூசை முடிந்து வாசலில் நின்று கொடுத்தோம். நாத்தனார் ஒரு பக்கம், நானும் மகளும் மறுபக்கம். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் விற்கிறவர் ஒருவர் வந்தார். என் கணவரோடு அந்த அறையில் உட்கார்ந்தவர், அவருக்குப் பின்னால் குடியை விட்டவர். துவைத்து மடித்த சட்டை போட்டிருந்தார். அட்டையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இன்னா போட்டுக்கீதுக்கா? படிச்சு சொல்லு."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கணவர், தந்தை, பக்தி. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வுட்டத போடவேல்லியா?"

போட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கோயில் வாசலில், என் கணவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பொய் வரவில்லை. இல்லை என்றேன்.

அவர் நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"குடிச்சினு கெடந்தப்போ ஊருக்கே தெரிஞ்சிச்சுக்கா. வுட்டத மட்டும் மறைக்கிறீங்க. அண்ணாத்த சொல்லித்தான் நானு வந்து குந்துனேன் அங்க."

"அண்ணி, பின்னாடி எல்லாரும் நிக்கிறாங்க" என்றாள் நாத்தனார்.

அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். காபிக்கு நிற்கவில்லை. நான் அடுத்த ஆளுக்கு அட்டை கொடுத்தேன். கட்டு தீரும்வரை கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அப்புறம் மகள் சொன்னாள், அப்பா அத்தைக்கு அண்ணன்தானேம்மா, வெட்கம் இருக்காதா என்று. இருக்கட்டும். குப்புறக் கிடந்தபோது இருந்த வெட்கம், எழுந்து நின்றபோதும் இருந்தால் மனிதன் எதற்காக எழுந்திருப்பது? பாவசங்கீர்த்தனத்தில் இந்த மனத்தாங்கலைச் சாமியாரிடம் சொன்னேன். மன்னித்துவிடும்மா என்றார். சரி சாமி என்றேன். வாய்தான் சொன்னது.

நாத்தனாரோடு பேசாமல் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினேன், அவளும் கேக் கொண்டுவந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறரை மன்னிப்பது பற்றி வருகிற இடத்தில் என் நாக்கு எழும்புவதில்லை. பக்கத்தில் மகள் சத்தமாகச் சொல்கிறாள். நான் தலையைக் குனிந்தபடி அந்த வரி கடந்துபோகக் காத்திருக்கிறேன்.